விழுந்த மரம் எந்தப் பக்கம் பார்த்தது?

வர்தா புயல் சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூரை இரண்டு தடவை அடித்தது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து வடக்கேயிருந்து ஏறிக்கொண்டே வந்த காற்று, பிற்பகலில் உச்சத்துக்குப் போய் ஒரு கட்டத்தில் சட்டென்று அடங்கியது. மழை தூறலாகக் குறைந்தது. மேகம் வெளுத்தது. புயல் கடந்துவிட்டது என்று நினைத்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தார்கள். சிலர் மரத்தடியில் நின்ற வண்டியை நகர்த்தினார்கள். சிலர் அறுந்து கிடந்த வயரைத் தாண்டிப் பால் பாக்கெட் தேடிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வந்தது, இந்தத் தடவை தெற்கேயிருந்து. காலையெல்லாம் தப்பித்து நின்ற தெற்குப் பக்கத்து ஜன்னல்கள் இப்போது நேருக்கு நேர் மாட்டின.

ஜெயலலிதா மறைந்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம். ஏற்கெனவே ஏடிஎம் வாசலில் கால்கடுக்க நின்றுகொண்டிருந்த ஊர், அன்று ராத்திரி மின்சாரமும் இல்லாமல், கையில் காசும் இல்லாமல், கார்டு மெஷினும் வேலை செய்யாமல் கிடந்தது. புறநகர் ரயில் இல்லை, விமானம் இல்லை. மேற்குப் புறநகரில் பல தெருக்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கணக்காயிற்று. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் நம் தெருக்களில் கம்பம் நட்டார்கள். அந்த வாரத்தைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. நான் எழுத வந்தது அந்தத் தெருக்களில் கிடந்த மரங்களைப் பற்றி. அவை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடந்தன என்பதைப் பற்றி.

வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் நிழற்சாலைகளில் மறுநாள் காலை நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். பெருவாரியான மரங்கள் தெற்கே தலைவைத்து விழுந்திருந்தன. நடுநடுவே சில, நேர் எதிராக வடக்கே. ஒரு திருப்பத்தில் இரண்டு மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கிட்டுக் கிடந்தன. அடியில் கிடந்த பெருங்கொன்றையின் நுனி தெற்குப் பக்கம். அதன் முதுகின் மேல் விழுந்திருந்த குல்மோகரின் நுனி வடக்குப் பக்கம். அடியில் இருப்பது முந்தி விழுந்தது, மேலே இருப்பது பிந்தி விழுந்தது. நடுவில் காற்று நின்ற அந்தக் கொஞ்ச நேரம், அந்த இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்தது.

நமது அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். வர்தா கிழக்கேயிருந்து மேற்கே நகர்ந்து, சென்னைக்குப் பக்கத்தில் கரையேறியது. அதன் மையம் வந்து சேர்வதற்கு முன்னால் நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். காற்று வடக்கிலிருந்து வரும். மையம் நம்மைத் தாண்டிய பிறகு நாம் அதற்குக் கிழக்கே இருக்கிறோம். காற்று தெற்கிலிருந்து வரும். இரண்டுக்கும் நடுவே கண். மையம் தலைக்கு மேல் போகாத ஊர்களில் இந்த நிறுத்தம் இருக்காது. பாதைக்குத் தெற்கே இருக்கும் தாம்பரத்தில் காற்று வடக்கிலிருந்து மேற்காகி, தென்மேற்காகி, மெல்லத் திரும்பும். பாதைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டில் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று மறுபக்கமாகத் திரும்பும். ஆக, தாம்பரத்தில் விழுந்த மரங்களையும் கொரட்டூரில் விழுந்த மரங்களையும் பழவேற்காட்டில் விழுந்த மரங்களையும் திசையோடு ஒரு வரைபடத்தில் குறித்தால், புயலின் பாதையைத் தரையிலிருந்தே வரைந்துவிடலாம்.

அதை யாராவது முழுசாகச் செய்தார்களா? என் கண்ணுக்குப் படவில்லை. மாநகராட்சிக்கு மரம் என்பது சாலையை அடைக்கும் தடை. மின்வாரியத்துக்கு அது கம்பியை இழுத்த பாரம். இருவரும் தங்கள் வேலையைச் செய்தார்கள், சிரமப்பட்டே செய்தார்கள். வெட்டுமிஷின் வந்து போன தெருவில் மரத்தூள் மிஞ்சியது, திசை போய்விட்டது.

மொட்டைமாடிக்காரர்கள்

திசையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் சிலர் இருந்தார்கள். சென்னையில் மழையையும் காற்றையும் தொழிலாக இல்லாமல் ஆசையாகப் பின்தொடர்கிறவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் ஆசிரியர் செல்வகுமாரின் குரலைக் கேட்டுவிட்டு அறுவடைக்கு நாள் குறிக்கிற விவசாயிகள் உண்டு. ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான மொட்டைமாடிகள் இருக்கின்றன. கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, தண்ணீர் டேங்க்கின் நிழல் விழாத இடத்தில் ஒரு மழைமானி. காலை 8.30 மணிக்கு அளந்து, நோட்டில் குறித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிற மனிதர்கள். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்குத்தான் முடியும், இவர்களுடைய நாளும் அப்படித்தான்.

கொரட்டூரிலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. ஒரு கல்லூரிப் பையன். இவர்கள் சேர்ந்துவிட்டால் பேச்சு தனி மொழியில் நடக்கும். காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, சென்னை நாலும் சேர்ந்தால் 'கேடிசிசி'. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே உயரத்தில் சுற்றும் டாப்ளர் ரேடாரின் படங்களை ஓட்டிப் பார்ப்பது 'லூப்'. அதில் சிவப்பாகத் தெரிவது 'எக்கோ'. வெயில் காலத்து மாலையில் திருத்தணிப் பக்கம் ஒரு எக்கோ கிளம்பினால், திருவள்ளூர் தாண்டியதா, ஆவடியில் செத்துவிட்டதா, அம்பத்தூர் வரை வந்ததா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் செய்தி பறக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு இடிமழை மேற்கிலிருந்து வருகிறது என்பதால், நகரத்துக்கு முன்னால் அதைப் பார்க்கிறவர்கள் இவர்கள். இந்த விஷயத்தில் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு பெருமையே உண்டு. அது நியாயமான பெருமை.

வர்தாவின் கண்ணைப் பற்றி இவர்களுக்குள் இன்றைக்கும் வழக்கு ஓடுகிறது.

"கண்ணு நம்ம தலைக்கு மேலதான் போச்சு தம்பி. நான் மாடியில நின்னு பாத்தேன். காத்து சுத்தமா நின்னுடுச்சு."

"பாடிப் பக்கம் நிக்கவேயில்லைன்னு சொல்றாங்களே அங்கிள். குறைஞ்சுதாம், ஆனா நிக்கலையாம்."

ஆசிரியை இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று கேட்பார். பதில் மணிக்கணக்கில் வேறுபடும். மின்சாரம் போன பிறகு சுவர்க் கடிகாரத்தை யார் பார்த்தார்கள்?

இது வெட்டிப் பேச்சு இல்லை. கண் நின்ற ஊர் எது, நிற்காத ஊர் எது என்று தெரிந்தால் கண்ணின் அகலம் தெரியும். எத்தனை நிமிஷம் நின்றது என்று தெரிந்தால் புயல் நகர்ந்த வேகத்தோடு பொருத்திப் பார்க்கலாம். எண்ணூர், மணலி, மாதவரம், பெரம்பூர், கொரட்டூர் என்று கிழக்கிலிருந்து மேற்காக நேரத்தை வரிசைப்படுத்தினால் கரையேறிய பிறகு அது எப்படித் தேய்ந்தது என்பதும் வரும். ரேடார் உயரத்தில் நடப்பதைக் காட்டும். ஓடு பறப்பதும் மரம் சாய்வதும் தரையில்.

மரத்தைப் படித்த மனிதர்

விழுந்த மரத்தைப் படிப்பதை ஒரு விஞ்ஞானமாகவே ஆக்கியவர் ஜப்பானில் பிறந்த டெட்சுயா ஃபுஜிட்டா. 1945இல் அவர் கியூஷு தீவில், கொக்குரா நகரத்துக்கு அருகில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர். ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க விமானம் இரண்டாவது அணுகுண்டைப் போட வந்தது கொக்குராவுக்குத்தான். அன்றைக்கு மேகமும் புகையும் ஊரை மூடியிருந்தன. விமானம் திரும்பி நாகசாகிக்குப் போனது. பிறகு நாகசாகிக்கு ஆய்வுக்குப் போன ஃபுஜிட்டா, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே இருந்த மரங்கள் நின்றபடி கருகியிருந்ததையும், சுற்றிலும் இருந்தவை மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததையும் பார்த்தார். அந்தப் படம் அவர் மனதில் தங்கிவிட்டது.

1953இல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அமெரிக்காவின் நடுப்பகுதி டொர்னாடோக்களின் பூமி. டொர்னாடோ என்பது நம் புயலிலிருந்து வேறு. வர்தா மாதிரியான புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாட்கணக்கில் கடலில் வளரும். டொர்னாடோ ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், சில நிமிஷ ஆயுள். ஆனால் அந்தச் சில நூறு மீட்டருக்குள் காற்றின் வேகம் எந்தப் புயலையும் மிஞ்சக்கூடியது. அதற்குள் ஒரு கருவியை நிறுத்தி அளப்பது ஏறக்குறைய முடியாத காரியம், கருவியே பறந்துவிடும். அதனால் ஃபுஜிட்டா தலைகீழாக யோசித்தார். காற்றை அளக்க முடியாவிட்டால், காற்று செய்ததை அளப்போம். ஓடு மட்டும் போனதா, கூரை முழுதும் போனதா, சுவர் விழுந்ததா, அடித்தளம் மட்டும் மிஞ்சியதா? 1971இல் அவர் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஓர் அளவுகோல் கொடுத்தார். அது 2007இல் திருத்தப்பட்டபோது, வீடு, பள்ளி, மின்கம்பம், மரம் என்று 28 வகைப் பொருட்களின் சேதத்தை வைத்து வேகத்தைக் கணிக்கும் முறையாக விரிந்தது.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் இறங்கின. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபுஜிட்டாவும் அவர் குழுவும் சிறு விமானங்களில் பறந்து, வயலில் சாய்ந்த பயிரையும் காட்டில் விழுந்த மரத்தையும் படமெடுத்து, ஒவ்வொரு சுழலின் பாதையையும் வரைந்தார்கள். சுழல் போன பாதையில் மரங்கள் நடுக்கோட்டை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆனால் சில இடங்களில் அவர் வேறொன்றைப் பார்த்தார். மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே விரிந்து கிடந்தன. நாகசாகியில் பார்த்த அதே அமைப்பு. அங்கே சுழலே இல்லை. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி, பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானம் ஒன்று நொறுங்கி நூறு பேருக்கு மேல் இறந்தபோது, காரணம் இந்தக் கீழ்நோக்கிய காற்றுதான் என்றார். பலர் ஏற்கவில்லை. அப்படி ஒன்று கிடையாது என்றவர்களும் உண்டு. பின்னால் ரேடார்கள் அதை நேரில் பிடித்தன. இன்று உலகத்தின் பெரிய விமான நிலையங்களில் இந்த ஆபத்தை எச்சரிக்கும் கருவிகள் இருக்கின்றன. விமானிகளுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. எத்தனை உயிர் தப்பியது என்று கணக்குப் போட முடியாது. எல்லாவற்றுக்கும் தொடக்கம், விழுந்த மரத்தின் திசையைக் குறித்துவைத்தது.

வங்காளத்தில் இறங்கியவை

டொர்னாடோ அமெரிக்கக்காரர் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பதிவான டொர்னாடோக்களில் அதிக உயிர்களைக் குடித்ததாகக் கருதப்படுவது நம் பக்கத்து வீட்டில் நடந்தது. 1989 ஏப்ரல் 26, வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டம். தவுலத்பூர், சாட்டூரியா என்ற ஊர்களை அது துடைத்துவிட்டது. இறந்தவர்கள் ஏறக்குறைய 1,300 பேர் என்பது மதிப்பீடு. இந்தியாவில் 1978 மார்ச் 17 அன்று தில்லியிலேயே ஒன்று இறங்கி 28 பேரைக் கொன்றது. 1998 மார்ச் 24 அன்று மேற்கு வங்கத்தின் தாந்தனிலும் ஒடிசா எல்லையிலும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 2024 மார்ச் 31 அன்று ஜல்பைகுரி மாவட்டம் மைநாகுரியில் சில நிமிஷங்களே அடித்த காற்றில் தகர வீடுகள் சுருண்டு, ஐந்து பேர் இறந்தார்கள்.

எல்லாமே மார்ச் முதல் மே வரைக்குள். வங்காள விரிகுடாவிலிருந்து தரையோடு ஒட்டி வரும் ஈரக்காற்று, அதன் மேல் வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, உயரம் கூடக்கூடத் திசையும் வேகமும் மாறுகிற அமைப்பு. இடிமேகம் மொத்தமாகச் சுழல இதுதான் தேவை. சென்னைக்கு மேல் கோடையில் ஈரம் உண்டு, வெப்பம் உண்டு. உயரத்தில் அந்த வலுவான காற்று பெரும்பாலும் கிடையாது. அதனால் நம் இடிமேகங்கள் கொட்டித் தீர்க்கும், ஆனால் பொதுவாகச் சுழலாது. ஒவ்வொரு புயலின்போதும் எங்கோ எடுத்த டொர்னாடோ வீடியோவை 'சென்னையில் இப்போது' என்று அனுப்புகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது தெரிந்துகொண்டால் எத்தனையோ வயதானவர்களின் ராத்திரித் தூக்கம் கெடாமல் இருக்கும்.

ஆனால் நமக்கு அது முழுக்க அந்நியமும் இல்லை. கரையேறும் புயலின் வெளிவட்ட மழைப்பட்டைகளில் சிறு டொர்னாடோக்கள் பிறப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவில் கரையேறுவதற்கு முந்தின நாள், தொலைவில் இருக்கும் மேற்கு வங்கத்தின் ஹாலிசஹர், சின்சுரா பகுதிகளில் சுழல் இறங்கி வீடுகளைச் சிதைத்தது. இரண்டு பேர் இறந்தார்கள். புயல் ஓரிடம், சாவு வேறிடம். அதோடு, இடிமேகத்திலிருந்து மொத்தமாக விழும் காற்று நமக்குக் கோடைதோறும் உண்டு. மேற்கே கருத்துக்கொண்டு வரும் சாயங்காலத்தில், மழைக்கு முன்னால் மண்வாசனையோடு பாய்ந்து வந்து விளம்பரப் பலகையைச் சாய்த்துவிட்டுப் போகிறதே, அது ஃபுஜிட்டா சொன்ன காற்றின் குடும்பம்தான்.

எத்தனை கிலோமீட்டர்?

வர்தா சென்னையை எத்தனை வேகத்தில் அடித்தது? மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் என்பதில் சந்தேகமில்லை. 1994 அக்டோபர் 31 அன்று கரையேறிய புயலுக்குப் பிறகு சென்னை பார்த்த பெரிய காற்று அதுதான். அதற்கு மேல் துல்லியமாகக் கேட்டால் ஆர்வலர்கள் சண்டையே போட்டுக்கொள்வார்கள். சண்டைக்குக் காரணம் கணக்கு முறை. நம் வானிலைத் துறை மூன்று நிமிஷக் காற்றின் சராசரியைச் சொல்கிறது. அமெரிக்கர்கள் ஒரு நிமிஷச் சராசரி. உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பது பத்து நிமிஷச் சராசரி. நேரம் குறையக் குறைய எண் ஏறும். இதற்கெல்லாம் மேல், சில நொடிகளே நீடிக்கும் உச்ச வீச்சு தனி. ஒரே புயலுக்கு மூன்று எண் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை.

எண் எங்கே அளந்தது என்பது அடுத்த கேள்வி. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். கொரட்டூருக்கு எண் கிடையாது. அந்த நாளில் நம் தெருவில் காற்று எத்தனை வேகத்தில் அடித்தது என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி, என்ன விழுந்தது, எப்படி விழுந்தது என்பது மட்டும்தான்.

அதையும் கவனமாகப் படிக்க வேண்டும். விழுந்ததெல்லாம் காற்றின் வலிமையைச் சொல்லாது. என் வீட்டுக்கு அருகில் சாய்ந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் வேர்ப்பகுதி தோசைக்கல் மாதிரித் தட்டையாக, வட்டமாக எழுந்து நின்றது. அத்தனை பெரிய மரத்துக்கு ஒரு முழ ஆழம்கூட மண் இல்லை. ஒரு பக்கம் மழைநீர் வடிகால் தோண்டியபோது வேரை நேர்கோட்டில் வெட்டியிருந்தார்கள்; வெட்டிய முனைகள் பழைய காயமாகக் கருத்திருந்தன. மறுபக்கம் நடைபாதைக் கான்கிரீட். எஞ்சிய இரண்டு பக்கத்து வேர்களை நம்பித்தான் அது நின்றிருக்கிறது. வடிகால் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அது காற்றின் திசையா, வெட்டிய வேரின் திசையா? மின்கம்பமும் அப்படித்தான். காற்று தள்ளிய பக்கம் சாயாமல், கம்பியின் மேல் விழுந்த மரம் இழுத்த பக்கம் வளையும். வேர் முழுசாக இருந்து, அடிமரம் நடுவில் முறிந்த மரத்தைத்தான் முதலில் நம்ப வேண்டும். வேம்பும் புங்கனும் பரவலாகத் தாக்குப்பிடித்தன, குல்மோகரும் பெருங்கொன்றையும் அதிகம் சாய்ந்தன என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். நிழலுக்கு எந்த மரத்தை நடுவது என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. வேரை எப்படி வெட்டாமல் விடுவது என்ற பேச்சு அந்த அளவுக்குக் கிளம்பவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது வர்தா அளவுக்குக் காற்று இல்லை. அப்போதும் சென்னைத் தெருக்களில் மரங்கள் விழுந்தன.

தண்ணீர் விஷயத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர் வெள்ளத்தில் நின்றது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டுச் சுவரில் கோடு போட்டு வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். ஏரி நிறைந்தால் எந்தப் பக்கம் வழியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாநில அரசு 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நூற்றுக்கணக்கான தானியங்கி மழைமானிகளையும் அமைக்கும் வேலையில் இறங்கியது. மழைக்கு இத்தனை கண் கிடைத்திருக்கிறது. காற்றுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. மொட்டைமாடிக்காரர்களாலும் அதைச் சரியாகச் செய்ய முடியாது. மழைமானியை ஒரு மூலையில் வைத்துவிடலாம். காற்று அளக்கும் கருவிக்குத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரக் கம்பம் வேண்டும். கைப்பிடிச் சுவரும் டேங்க்கும் பக்கத்து அடுக்குமாடியும் காற்றைத் திருப்பிவிடும். ஓய்வுபெற்ற அந்த ஐசிஎஃப் பெரியவர் தன் செலவில் ஒரு கருவி வாங்கி மாட்டினார். எதிரே நான்கு மாடி எழும்பியதும் அது தென்காற்றை மறந்துபோனது.

ஆசைக்காகச் செய்பவர்களின் வேலைதானே என்று யாரும் இதை ஒதுக்க வேண்டாம். சென்னையில் வானத்தை முறையாகப் பார்க்கத் தொடங்கியதே ஒரு தனி மனிதரின் ஆசையில்தான். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தக் கருவிகளோடு வான் ஆய்வகம் வைத்தார். பிறகு கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. இன்றைய மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டுப் பொறித்த அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. ஒருவர் வீட்டில் தொடங்கியது இருநூறு ஆண்டுக்கு மேல் தொடரும் ஆவணமாகியிருக்கிறது.

தெளியாத வழக்கு

வர்தா அன்று ரயில் பாதைக்குத் தெற்கே ஒரு குறுகலான பட்டையில், வரிசையாக இருந்த பட்டறைகளின் கூரைத் தகடுகள் பிடுங்கப்பட்டிருந்தன. இரண்டு பக்கமும் அடுத்த வரிசைக் கூரைகளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. புயலின் பொதுக் காற்று அப்படிக் கத்தரித்து எடுக்காது என்பது கல்லூரிப் பையனின் வாதம். 1992இல் ஃபுளோரிடாவை அடித்த ஆண்ட்ரூ புயலின் சேதத்தை ஆராய்ந்த ஃபுஜிட்டா, கண்ணைச் சுற்றிய வலுவான காற்றுக்குள்ளேயே குட்டிச் சுழல்கள் பிறந்து ஒரு வரிசை வீடுகளை மட்டும் நாசமாக்கியதைக் காட்டியிருக்கிறார் என்று அவன் எடுத்துக்காட்டு சொல்வான். பெரியவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே புகுந்த காற்று வேகமெடுத்திருக்கும், அவ்வளவுதான் என்பார். ஆசிரியை, அந்தத் தகடுகளைப் பிடித்திருந்த கொக்கி துருப்பிடித்திருந்ததா என்று கேட்பார். மூன்றும் நல்ல கேள்விகள். தகடுகள் எந்தப் பக்கம் பறந்து விழுந்தன என்று தெரிந்தால் மூன்றில் ஒன்றையாவது தள்ளிவிடலாம். பறந்த தகடு ஒரே பக்கம் கிடந்தால் நேர்காற்று. சுற்றிலும் சிதறியிருந்தால் சுழல். அந்த நாளில் எடுத்த செல்போன் படங்கள் சில இருக்கின்றன. சேதம் தெளிவாகத் தெரிகிறது. எது வடக்கு என்று எந்தப் படத்திலும் தெரியவில்லை.

என் கோரிக்கை இரண்டே. அம்பத்தூர் மண்டலத்தில் மாநகராட்சிக்கு மைதானங்கள் இருக்கின்றன. ஏரிக்கரையில் திறந்தவெளி இருக்கிறது. ஆவடிக்கும் கொரட்டூருக்கும் நடுவே இரண்டு இடத்திலாவது 10 மீட்டர் கம்பத்தில் காற்றுமானி வேண்டும். மின்சாரம் போனாலும் ஓடுகிற பேட்டரியோடு, பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. இன்னொன்று, வெட்டுமிஷினோடு போகும் ஊழியர்கள் கையில் ஏற்கெனவே போன் இருக்கிறது. மரத்தை வெட்டுவதற்கு முன் அடிமரத்திலிருந்து நுனியைப் பார்த்து ஒரு படம், போனிலேயே இருக்கும் திசைகாட்டியில் ஒரு எண், வேரோடு சாய்ந்ததா நடுவில் முறிந்ததா என்று ஒரு சொல். ஒரு மரத்துக்கு ஒரு நிமிஷம். அதுவும் முடியாதென்றால் தெருவில் இருப்பவர்களிடம் விடுங்கள். கொரட்டூர் மொட்டைமாடிக்காரர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தெருவாரியாக ஆள் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிழக்கு நிழற்சாலைக்கும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கத்துக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.